இரண்டு பேரிடம் மட்டும் இருந்த சாவி

கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து ஒருதரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நானே இன்னொரு தரம் தூக்கிப் பார்ப்பேன். எங்கள் கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியின் காவலாளி காலையில் வழமையைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், மனுசன் என்னத்தை உடைத்துவிட்டார் என்றுதான் என் புத்தி போகும். "நீர் பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள், மாறி இந்த வேலைக்கு வந்திட்டீர்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். என் வேலை பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்துக்கு இணையப் பக்கங்கள் வடிவமைப்பது. அந்த வேலைக்கும் சந்தேகம் தேவைதான் என்று நான் திருப்பிச் சொல்லுவேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களின் அஞ்சல் பட்டியலை நடத்துகிறேன். ஒரு முகவரிக்கு ஒருவர் மின்னஞ்சல் எழுதினால், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று சிதறிப்போன எல்லாருக்கும் அது போய்ச் சேரும். அதைச் செய்கிற மென்பொருள் இலவசமானது, பழையது, வாடகைக்கு எடுத்த ஒரு சின்னச் சேர்வரில் முக்கி முனகி ஓடுகிறது. கண்ட கண்ட விளம்பரமெல்லாம் புகுந்துவிடாதபடி, வருகிற ஒவ்வொரு மடலையும் ஒரு நிர்வாகி பார்த்து 'அனுப்பு' என்று விட்டால்தான் அது வெளியே போகும். வருவதில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல். எங்கள் வயது அப்படி.

வாட்ஸ்அப் இருக்க இந்தப் பழைய கூத்து என்னத்துக்கு என்று கேட்காத ஆள் இல்லை. அதற்குப் பதில் கொட்டாஞ்சேனையில் இருந்தது. அங்கே இருக்கிற அண்ணை எங்கள் பாடசாலையில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துவிடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வயதுக்குப் பிறகு பார்வை முழுவதும் போய்விட்டது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் கணினி பாவிக்கிறார். வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் படமாக வரும்: குத்துவிளக்கு, பூ, நடுவில் முகம், கீழே விபரம். அவருடைய கணினி அதற்கு 'படம்' என்று ஒரு சொல் சொல்லும். யார் செத்தது என்று சொல்லாது.

"ஒரு நாளைக்கு மூண்டு படம் வருகுது, தங்கச்சி" என்று முதன்முதலில் தொலைபேசியில் சொன்னார். "மூண்டு பேர் செத்தவையோ, மூண்டு பேருக்குப் பிறந்தநாளோ எண்டு நான் என்னெண்டு அறியிறது?"

அறிவித்தல்கள் எழுத்தில் மட்டும் வரவேண்டும் என்று பட்டியலுக்கு விதி வைத்தது அதற்குப் பிறகுதான். அடுத்த கிழமை திரும்பத் தொலைபேசி எடுத்தார். "உங்கட பட்டியல் பக்கத்தில ஏழு பட்டன் இருக்கு. ஏழுக்கும் பேர் பட்டன்" என்றார். அவர் சண்டைக்கு வரவில்லை, நடப்பதைச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வடிவாக இருக்கிறதென்று நான் பொத்தான்களாக வரைந்து வைத்த சின்னச் சின்னப் படங்களில் ஒன்றுக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை.

மூன்று மாதம், ஞாயிறு காலைகளில், அவர் அங்கேயிருந்து ஒவ்வொன்றாக அமத்த நான் இங்கேயிருந்து திருத்தினேன். என் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் என் பக்கத்தைக் கேட்கப் பழகினேன். முதல் தடவை கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஒரு மடலை அனுப்பிவிட முப்பது சொல்லுக்கு மேல் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் அதை நாலு சொல்லுக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சந்தோசத்தில் அவரையே இரண்டாவது நிர்வாகியாக்கினேன். மடல்களை அனுப்பவும், ஆட்களைச் சேர்க்கவும், நீக்கவும் இனி எங்கள் இரண்டு பேரிடமும் சாவி. நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர்தான் அறிவித்தல்களை அனுப்புவார். சாவீட்டுச் செய்தி காத்திருக்கக் கூடாது என்பதில் மனுசன் கண்டிப்பு.

அந்த உற்சாகத்திலேயே இன்னொரு திருத்தமும் செய்தேன். பட்டியலை விட்டு விலக விரும்புகிறவர்களுக்கு மடலின் அடியில் ஒரு வரி இருந்தது; எறும்பு எழுத்து. கை நடுங்குகிறவர்கள், பார்வை மங்கியவர்கள் அதைப் பிடிக்கவே முடியாது. ஆகவே பெரிதாக, சிவப்பாக, பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்ட ஒரு பொத்தான் வைத்தேன். 'பட்டியலிலிருந்து விலகுகிறேன்' என்று தெளிவான எழுத்து. ஒரே அமத்தல், மறுகேள்வி கிடையாது. அண்ணை அதைக் கேட்டுவிட்டு, "இது நல்ல வடிவாச் சொல்லுது" என்றார்.

இரண்டு மூன்று மாதத்தில் ஆட்கள் காணாமற்போகத் தொடங்கினார்கள்.

முதலில் எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடி அன்ரி. அவவும் எங்கள் பாடசாலைதான், எனக்கு வெகு காலம் முன்னே படித்தவ. "பிள்ளை, உன்ர மெயில் ஒண்டும் வருகுதில்லை" என்றா. பார்த்தால் பட்டியலில் பெயரே இல்லை. சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் திரும்பவும் இல்லை; அவ சொல்லச் சொல்லத் திரும்பச் சேர்த்தேன். பிறகு லண்டனில் ஒருவர், தெகிவளையில் ஒரு தம்பதி. பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் காரமாக எழுதினார்: வகுப்புத் தோழனின் இறுதிக் கிரியையை இணையத்தில் பார்க்கும் விபரம் அவருக்கு வரவில்லையாம், விசாரித்தால் அவர் பட்டியலிலேயே இல்லையாம். 'பிடிக்காதவர்களை வெட்டுகிறீர்களா' என்று கேட்டிருந்தார்.

யார் நீக்கியது என்பதை அந்த மென்பொருள் எழுதி வைக்கும். ஆனால் அந்தக் குறிப்பு சேர்வரின் இடத்தை நிரப்புகிறதென்று நான்தான் முன்பு அதை நிறுத்தி வைத்திருந்தேன். இருந்தது 'நீக்கப்பட்டார்' என்ற ஒரு சொல்லும் நேரமும்தான். நேரங்களை எடுத்து வரிசைப்படுத்தினேன். எல்லாம் ஏதாவது ஒரு மரண அறிவித்தல் போன சில மணித்தியாலத்துக்குள். மரண அறிவித்தல்களை அனுப்புகிறவர் அண்ணை. சாவி இரண்டு பேரிடம். நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்.

இதற்குமேல் என்ன வேண்டும்? என் புத்தி நன்றாக வேலை செய்தது. எப்போதோ அவர் சொன்ன ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. "சிலபேர் சும்மா இருந்து வாசிச்சுப் போட்டுப் போயிடுவினம். ஒரு அனுதாபம்கூட எழுத மாட்டினம்" என்று சொல்லியிருந்தார். நீக்கப்பட்டவர்களின் பெயரைப் பார்த்தேன். ஒருவரும் அனுதாபம் எழுதுகிற ஆள் இல்லை. எங்கள் பட்டியலில் முக்கால்வாசிப் பேர் எழுதாதவர்கள்தான் என்பது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

கற்பனைப் பெயரில் ஓர் ஆளைச் சேர்த்துப் பொறி வைத்தேன். நாலு கிழமையாக அந்த ஆளை யாரும் தொடவில்லை. சரி, மனுசன் பொறியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிறு, வேறு ஏதோ கதைப்பதுபோலத் தொடங்கி, "பட்டியலில கன பேர் சும்மா இருக்கினம், என்ன அண்ணை" என்று தூண்டில் போட்டேன்.

"ஓம், சும்மா இருக்கிறவையை வெட்டிவிட்டால் உங்கட சேர்வருக்கும் பாரம் குறையும்" என்று சிரித்தார்.

எனக்கு அது போதும். அன்று பின்னேரமே அவருடைய சாவியை எடுத்துவிட்டேன். அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டால் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லலாமென்று வைத்திருந்தேன். ரொறன்ரோக்காரருக்கு ஒரு பதிலும் எழுதினேன்: 'உள்ளே ஒருவரில் சந்தேகம் இருந்தது. நடவடிக்கை எடுத்துவிட்டேன்.' பெயர் எழுதவில்லை. நாகரிகமாக எழுதிவிட்டதாக நினைத்தேன். நிர்வாகிகள் இரண்டு பேர்தான் என்பது எல்லா மடலின் அடியிலும் இருந்தது.

ஒரு கிழமை போனது. அண்ணையிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. குற்றமில்லாத மனுசனென்றால் என்ன ஏதென்று கேட்டிருப்பாரே என்று கணவரிடம் சொன்னேன். "நீர் கேட்டனீரோ?" என்றார் அவர். அவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை ஒரு மரண அறிவித்தலை நானே அனுப்பினேன். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் காணாமற்போனார்கள். உண்மையைச் சொன்னால், அப்போதும் எனக்கு அறிவு வரவில்லை. மனுசனிடம் வேறு ஏதோ வழி இருக்கிறது, யாரோ உதவி செய்கிறார்கள் என்று என் பாஸ்வேர்டை இரண்டு தரம் மாற்றினேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலை இன்னொரு அறிவித்தல் வந்தது. அனுப்பிவிட்டு, அன்ரி தந்த இடியப்பப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். அன்ரி குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் டப்லெட்டை வைத்து, நான் அனுப்பிய அறிவித்தலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தா. ஒவ்வொரு வரியாக, பிள்ளைகள் மருமக்கள் பேர் வரைக்கும் வாசித்தா. "நல்ல மனுசி. எங்களுக்கு நெற்போல் விளையாட்டுப் பழக்கினவ" என்றா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தா. பிறகு விரலை நீட்டி அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு, டப்லெட்டின் மூடியைச் சாத்திவிட்டு, கைகழுவ எழும்பினா.

"அன்ரி, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? வாசிச்சு முடிஞ்சுது."

"அந்தச் சிவப்பை ஏன் அமத்தினீங்கள்?"

அன்ரி என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாத பிள்ளையா என்று இருந்தது. "சாவீட்டுக் கடிதத்தை ஆராவது வீட்டுக்குள்ள வைச்சிருப்பினமே? முந்தியெண்டால் வாசிச்ச கையோட கிழிச்சு வெளியில போடுவம். இப்ப இதை அமத்துறம். கலியாண அழைப்புக் காட் எண்டால் வைச்சிருக்கலாம்."

"அழிக்கிறதுக்கு மேல குப்பைவாளி ஒண்டு இருக்கெல்லோ?"

"அது சின்னன், கண்ணுக்குப் பிடிபடாது. நீ இதைப் பெரிசாப் புள்ளடியும் போட்டு, வாசிச்சு முடிக்கக் கைக்குக் கிட்ட வைச்சிருக்கிறாய். அதுக்குத்தான் வைச்சதெண்டு நினைச்சன்."

"அதில எழுதியிருக்கு, அன்ரி."

"ஆர் பிள்ளை அதை வாசிக்கிறது?"

டப்லெட்டைத் திறந்து பார்த்தேன். 'நீங்கள் பட்டியலிலிருந்து விலகிவிட்டீர்கள்' என்று என் சொந்த எழுத்து நின்றது. மாதக்கணக்காக அது இப்படியே, மூடிகளுக்குப் பின்னால், யாரும் பார்க்காமல் நின்றிருக்கிறது. கண் தெரிந்தவர்கள் சிவப்பைப் பார்த்தார்கள். அந்தப் பொத்தானில் உள்ள சொல்லை முழுதாக அறிந்தவர் கொட்டாஞ்சேனை அண்ணை ஒருவர்தான், ஏனென்றால் அவருக்கு அது சொல்லாக மட்டும்தான் கிடைத்தது. அன்ரி தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனை வழியாக மட்டக்குளி போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, எப்படித் தொடங்குவது என்று வசனம் வசனமாகக் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

அவருடைய மனைவி கதவைத் திறந்தா. "வாங்கோ" என்றா, முகத்தைப் பார்க்காமல். அண்ணை முன்னறையில் கணினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என் குரல் கேட்டதும் சேர்ட்டுப் பொத்தானைச் சரிபார்த்து நிமிர்ந்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நேரங்களை வரிசைப்படுத்தியது, பொறி வைத்தது, தூண்டில் போட்டது, அன்ரியின் விரல், ரொறன்ரோவுக்கு எழுதின வரி, எல்லாம்.

"அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள் காலமை ஒரு அறிவித்தல் வந்தது" என்று அவர் தொடங்கினார். "அனுப்புவமெண்டு திறந்தன். 'இந்தப் பகுதிக்கு உங்களுக்கு உரிமை இல்லை' எண்டு வாசிச்சுது. நான்தான் பிழையா அமத்திப் போட்டன் எண்டு திருப்பித் திறந்தன். அஞ்சாறு தரம் திறந்தன். ஒவ்வொரு தரமும் அதையே சத்தமா வாசிச்சுது."

அந்த வசனத்தை எழுதியவள் நான். கண் தெரியாதவர்கள் தவறவிடக் கூடாதென்று, வேறு எது வாசித்துக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டு முதலில் அந்த எச்சரிக்கையை வாசிக்கும்படி செய்திருந்தேன்.

"எனக்கு ஏன் கோல் எடுக்கேல்லை, அண்ணை?"

"நீங்கள் எடுப்பியள் எண்டு இருந்தனான்."

அவர் விசைப்பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கனடாவில இருந்து ஒருத்தர் எடுத்தவர். சுகம் விசாரிச்சுப்போட்டு, உள்ளுக்கு ஏதும் பிரச்சினையோ எண்டு மெல்லமாக் கேட்டார். பிறகு லண்டனில இருந்து ஒருத்தர். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்த காலம் முழுக்க ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேட்டதில்லை, தங்கச்சி." மனைவி இருந்த குசினிப் பக்கம் தலையைத் திருப்பி, குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் இவவும் கேட்டவ. நீங்கள் தெரியாமல் எதையும் அமத்திப் போட்டியளோ, இல்லாட்டி கோவத்தில செய்தனீங்களோ எண்டு."

நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும். எனக்கு ஒரு கொப்பி வேணும்" என்றார். "எக்ஸ்சேஞ்சில ஆர் கோல் எடுத்தது, ஆருக்குக் குடுத்தது, எத்தினை மணிக்கு, ஏன் வெட்டினது எண்டு எல்லாம் எழுதுவம். அது இருந்தபடியால்தான் ஒருத்தரை ஒருத்தர் கேக்க வேண்டியிருக்கேல்லை. உங்கட பக்கத்திலயும் அப்பிடி ஒண்டு வையுங்கோ. பட்டியலில இருக்கிற எல்லாரும் பாக்கக்கூடியதா இருக்கவேணும். காரணம் எழுதாமல் அடுத்த படிக்குப் போக விடக் கூடாது. அதை வைச்சிட்டு வாங்கோ, சாவியை வாங்கிறன்."

ஒரு கிழமை இருந்து அதைச் செய்தேன். சேர்வருக்கு இடம் போதாதென்றால் போதாமற் போகட்டும். சிவப்புப் பொத்தானை எடுத்து, விலகுகிறவர்களிடம் ஒருதரம் கேட்டு உறுதிசெய்யும்படி மாற்றினேன். போனவர்களுக்கெல்லாம் நடந்ததை எழுதித் திரும்பச் சேர்த்தேன். அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போய், அவருடைய கணினியிலேயே புதிய பதிவேட்டைத் திறந்தேன். அது வெறுமையாக இருந்தது.

"எங்கயிருந்து துவங்கிறது, அண்ணை?"

"நடந்ததில இருந்து."

முதல் வரி: நிர்வாகி, இணை நிர்வாகியின் உரிமையை நீக்கினார். அதற்குக் கீழே 'காரணம்' என்று ஒரு பெட்டி. வெறுமையாக விட்டு அமத்திப் பார்த்தேன்; விடவில்லை, நான் எழுதின நிரல் சரியாக வேலை செய்தது. 'சந்தேகம்' என்று எழுதினேன். வேறு எந்தச் சொல்லும் உண்மையாக இருக்கவில்லை.

இரண்டாவது வரி: உரிமை திருப்பிக் கொடுக்கப்பட்டது. காரணத்தில் 'என் பிழை' என்று எழுதினேன். கணினி அதை வாசித்தது.

"பிழை எண்டால் என்ன பிழை? முழுசா எழுதுங்கோ" என்றார் அண்ணை. "வாசிக்கிற ஆளுக்கு விளங்கவேணும்."

அழித்துவிட்டு எழுதினேன்: 'நான் வைத்த பொத்தானால்தான் உறுப்பினர்கள் நீங்கினார்கள். இணை நிர்வாகி ஒருவரையும் நீக்கவில்லை. விசாரிக்காமல் அவரைச் சந்தேகித்தேன்.' சேமித்தேன். கணினி தன்னுடைய தட்டையான குரலில் அதை வாசித்து முடித்தது.

அண்ணை தலையாட்டினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்ச ஒருக்கால் வாரும்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவ கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றா. அண்ணை விசைப்பலகையில் கையை வைத்து, முதல் வரிக்குப் போய், தொடக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கவிட்டார்.